ஏற்கெனவே சொல்லப்பட்டது

பூப்படம் போடுகிற மாமாக்கள்தான் முதலில் மறைந்தார்கள்.

எங்கள் பொறியியல் கல்லூரிக்குக் ‘கூடம்’ செயலியில் ஒரு குழு இருந்தது. மற்ற செயலிகள் ஒவ்வொன்றாகச் செத்த பிறகு, சேதி, படம், போன் அழைப்பு எல்லாவற்றுக்கும் மிஞ்சியது கூடம் ஒன்றுதான். குழுவில் மாணவர்கள், ஆசிரியர்கள், பெற்றோர் எல்லோரும் உண்டு. பெற்றோரைச் சேர்த்தது நிர்வாகம். மகன் வகுப்புக்கு வரவில்லை என்ற சேதி, அவன் தூங்கி எழுவதற்குள் அப்பாவுக்குப் போய்விட வேண்டும் என்பது அவர்கள் கொள்கை.

அப்பாக்கள் அதைப் படித்தார்கள். படித்துவிட்டுச் சும்மா இருக்கவில்லை. ரோஜாப்பூவின்மேல் காலை வணக்கம் போட்டார்கள். வெறும் வயிற்றில் வெந்தயம் தின்றால் தீரும் நோய்களின் லிங்க் போட்டார்கள். அந்த லிங்க்கை அடுத்த அப்பா திரும்பப் போட்டார். நடுவில் ஒருத்தன் “நாளைக்கு லேப் உண்டா?” என்று கேட்டிருப்பான். அவன் கேள்வி வெந்தயத்தில் புதைந்துபோகும்.

அப்போதுதான் கூடத்துக்குள் தராசு வந்தது. ஏதோ ஒரு வதந்தி லிங்க்கை நம்பி, எங்கேயோ ஓர் ஊரில் யாரையோ அடித்துக் கொன்றுவிட்டார்கள். இனிமேல் பகிர்வதும் சொந்தமாகப் பேசுவதும் சமநிலையில் இருக்க வேண்டும் என்று சட்டம் போட்டார்கள். சொந்தமாக ஏதாவது எழுதினால் உங்கள் எடை ஏறும். லிங்க் போட்டால் இறங்கும். எடை தரையைத் தொட்டால் வாயை மூடிவிடும். எல்லோரும் கைதட்டினோம். நானும் தட்டினேன்.

குழுவுக்கு அட்மின் தில்ஷாத். எங்கள் வகுப்பில் தரவு அறிவியலை விரும்பிப் படித்த ஒரே ஆள். கேன்டீனில் அவள்தான் விளக்கினாள்.

“நாம எழுதுறது சொந்தம்னு அது எப்படிக் கண்டுபிடிக்கும்?” என்று கேட்டேன்.

“இதுக்கு முன்னாடி எவனாவது இதைச் சொல்லியிருக்கானான்னு பார்க்கும். சொல்லலைன்னா சொந்தம்.”

“உண்மையா பொய்யான்னு பார்க்காதா?”

“அதை எப்படில பார்க்கும்? அதுக்கு என்ன தெரியும்?”

“அப்போ உண்மையைச் சொன்னா எடை ஏறாது.”

“ஏன்?”

“உண்மையை ஏற்கெனவே நாலு பேர் சொல்லியிருப்பான்லா.”

அவள் சிரித்தாள். நானும் சிரித்தேன். கூட இருந்த ஜெபகர் மட்டும் வடையைப் பிய்த்துக்கொண்டே, “எங்க அப்பா செத்தாரு” என்றான். அன்றைக்கு அதற்கும் சிரித்தோம்.

ஜெபகர் என் அறைத்தோழன். அவன் அப்பா ஞானமுத்து, கடற்கரையை ஒட்டிய ரசாயன ஆலையில் குளோரின் பகுதியைப் பார்த்துக்கொள்கிற ஆபரேட்டர். ஜெபகருக்கு அம்மா இல்லை. அப்பா மட்டும் ஆலைக் குடியிருப்பில் தனியாக இருந்தார். அவர் வாழ்நாளில் சொந்தமாக ஒரு வாக்கியம் எழுதியதில்லை. காலையில் பைபிள் வசனம் எழுதிய ஒரு படம். மதியம் ஒரு உடல்நல லிங்க். இடையில் மகனுக்குத் தனியாக ஒரு சேதி: ‘சாப்ட்டியாய்யா’. தினமும் அதே எழுத்து. புள்ளிகூட மாறாது.

எனக்குத் தராசு வந்தது யோகம். முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல் பொய்ச் செய்தி எழுதுவது எனக்கு அதற்கு முன்பே பொழுதுபோக்கு. ‘விடுதித் தோசையைத் தொல்லியல் துறை கையகப்படுத்தியது.’ ‘நீர்த்தொட்டியில் தவளைகள் சங்கம் அமைத்தன, வார்டன் பேச்சுவார்த்தை.’ இதையெல்லாம் உலகத்தில் யாரும் சொன்னதில்லை என்பதால் என் எடை ஏறிக்கொண்டே போனது. ‘ஆலையில் வாயுக் கசிவு: ஆய்வில் அது விடுதி ரசம் எனத் தெரியவந்தது’ என்று நான் எழுதியது ஊரெல்லாம் சுற்றியது. தராசு என் பேருக்குப் பக்கத்தில் தங்கக் குண்டுமணி ஒன்றை வைத்தது.

மற்றவர்கள் பாடுதான் திண்டாட்டம். நூலகர் ஒருவர் இறந்துபோனார். ‘ஆழ்ந்த இரங்கல்’ என்று போட்டால் எடை இறங்கும். அதனால் ஆளாளுக்குப் புதிதாக இரங்கினார்கள். “இனி என் தாமதங்களுக்கு யார் அபராதம் விதிப்பார்?” என்று எழுதினான் ஒருவன். “அவருடைய இருமலைக் கேட்டே நான் அலமாரி எண்களைக் கற்றேன்” என்று ஒரு பேராசிரியர் எழுதினார். அவருக்கு இருமலே கிடையாது என்று நூலகரின் மகள் சொல்லப் பார்த்தாள். அது உண்மை. ஆனால் எடை ஏறவில்லை.

வசனங்கள் நின்றன. வெந்தயம் நின்றது. குழு சுத்தமாகிவிட்டது என்று பேசிக்கொண்டோம். ஆட்கள் எங்கே என்று யாரும் கேட்கவில்லை.

செமஸ்டர் தொடக்கத்தில் ஜெபகருக்கும் அவன் அப்பாவுக்கும் ஒரு மனத்தாங்கல். இரண்டு அரியர் விழுந்திருந்த நேரம். எரிச்சலில், “தினமும் இதே மெசேஜைப் போடாதீங்கப்பா. வேற ஏதும் இருந்தா சொல்லுங்க” என்று எழுதிவிட்டான். அடுத்த நாளிலிருந்து ‘சாப்ட்டியாய்யா’ வரவில்லை.

“கோவம்போல” என்றான்.

“போன் பண்ணிப் பாரு.”

“அவருதான் பேசட்டுமே. அப்பா அவருதானல.”

ஆலை, கல்லூரியிலிருந்து பஸ்ஸில் ஏறி உட்கார்ந்து ஜன்னலைத் திறப்பதற்குள் வந்துவிடுகிற தூரம். அரியரை முடிக்காமல் வீட்டுக்குப் போவதில்லை என்று அவன் வைராக்கியம். படிக்கிற பிள்ளையைப் போய்த் தொந்தரவு செய்யக் கூடாது என்பது அவர் வழக்கம். நாள் போனது.

அன்றைக்குப் புதன்கிழமை. மதிய வகுப்பு இல்லை. காற்று கடலிலிருந்து வந்துகொண்டிருந்தது. விடுதியில் ஒரு வாசனை. பிளீச்சிங் பவுடரை யாரோ தாராளமாகத் தூவியதுபோல, மூக்கின் உள்பக்கம் லேசாக நறுக்கென்றது.

குழு விழித்துக்கொண்டது. எல்லோருக்கும் எடை வேண்டும். எல்லோருக்கும் இப்போது பேச ஒரு பொருள் கிடைத்துவிட்டது.

“முதல்வர் அறையில் ரகசிய நீச்சல் குளம் கட்டுகிறார்கள்.” “இது மூன்றாம் மாடிக்காரன் சாக்ஸின் மறுமலர்ச்சி.” “என் மூக்கு இதைக் கவிதை என்கிறது.” வேதியியல் பேராசிரியர் ஒருவர், காற்றில் உப்பு கூடும்போது மனித மூளை பழைய கழிவறைகளை நினைவுகூரும் என்று ஒரு கோட்பாட்டையே எழுதினார். யாரும் இதுவரை சொல்லாத கோட்பாடு. அவர் எடை ஏறியது. நானும் தட்டச்சு செய்ய ஆரம்பித்திருந்தேன். அப்போது தில்ஷாத் விடுதி வாசலுக்கு ஓடி வந்து என் பேரைச் சொல்லிக் கத்தினாள்.

“சேர்மா, கீழ வா. ஜெபகரையும் கூட்டிட்டு வா.”

அவள் கையில் டேப். அட்மினுக்கு வாரம் ஒரு வேலை உண்டு. தராசு நிறுத்திவைத்த சேதிகள் ஒரு குப்பைத்தொட்டியில் விழும். அதை மொத்தமாக அழிக்க வேண்டும். யாரும் படிப்பதில்லை, அழிப்பதோடு சரி. இன்றைக்கு அழிக்கப் போனபோது தொட்டி நிறைந்திருந்தது என்றாள்.

“ஒரே ஆளு. காலையிலிருந்து ஒரே லிங்க்கைத் திரும்பத் திரும்பப் போட்டிருக்காரு.”

ஜெபகர் திரையைப் பார்த்தான். அவன் அப்பா பேர். ஆலையின் அவசர அறிவிப்புப் பக்கத்தின் லிங்க். அதன் கீழே மறுபடி அதே லிங்க். அதன் கீழே, ‘கசிவு. காற்று உங்க பக்கம். மேட்டுக்குப் போங்க.’ அதன் கீழே மறுபடி, ‘மேட்டுக்குப் போங்க.’ ஒவ்வொன்றின் பக்கத்திலும் தராசின் சாம்பல் முத்திரை: ஏற்கெனவே சொல்லப்பட்டது.

“மேட்டுக்குப் போங்கன்னு ஒவ்வொரு வெள்ளத்துக்கும் எவனாவது சொல்லியிருப்பான்ல” என்றாள் தில்ஷாத். “அதான் புதுசு இல்லைன்னு…”

“நிறுத்தி வெச்சதை அவருக்குச் சொல்லலையா?”

“சொல்ல மாட்டாங்க. சொன்னா சண்டைக்கு வாராங்கன்னு விதியை மாத்திட்டாங்க. அவரு போன்ல போய்ச் சேர்ந்த மாதிரிதான் காட்டும்.”

ஜெபகர் மெதுவாகக் கேட்டான். “தனியா எனக்குப் போட்டதும் நிக்குமா?”

அவள் ஆமாம் என்று தலையசைத்தாள்.

“எப்போதிருந்து?”

“எனக்குத் தெரியாது. தனிச் சேதியை நான் பார்க்க முடியாது.”

அவன் உடனே அப்பாவை அழைத்தான். மணி போனது. எடுக்கப்பட்டது. திரையில் நொடிகள் ஓடத் தொடங்கின. சத்தம் இல்லை. மூச்சுச் சத்தம்கூட இல்லை. கிணற்றுக்குள் எட்டிப் பார்ப்பதுபோல அந்த போனைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

“அப்பா. அப்பா, கேக்குதா?”

ஒன்றுமில்லை.

“குரலையும் நிறுத்திடும்” என்றாள் தில்ஷாத். “நாம பேசுறது அவருக்குக் கேக்கும். அவரு பேசுறது நமக்கு வராது.”

ஜெபகர் போனை வாயோடு ஒட்டி வைத்துக்கொண்டான். “அப்பா, இப்பதான் பார்த்தோம். மேட்டுக்குப் போறோம். நீங்க அங்க நிக்காதீங்க. வெளிய வந்துருங்க. கேக்குதாப்பா? வெளிய வந்துருங்க.” நொடிகள் ஓடின. அந்தப் பக்கம் ஒருவர் பேசிக்கொண்டிருந்தார் என்று இப்போதும் நினைக்கிறேன். பிறகு அழைப்பு தானாக அறுந்தது.

வாசனை இப்போது வாசனையாக இல்லை. தொண்டையில் யாரோ உப்புத்தாள் வைத்துத் தேய்ப்பதுபோல இருந்தது. விளையாட்டுத் திடலின் கீழ்ப்பக்கம், சுவரோரம், புல்லுக்குமேல் மஞ்சளாகப் பச்சையாக ஏதோ தவழ்ந்தது. காகம் ஒன்று அதற்குள் இறங்கியது. மேலே வரவில்லை.

“என் எடை பூரா சர்க்குலர் லிங்க் போட்டே தீர்ந்துடுச்சு” என்றாள் தில்ஷாத். “நான் போட்டா நிக்கும். உனக்குத்தான் இருக்கு. நீ போடு.”

போட்டேன். ஆலையின் லிங்க். கீழே என் கையால்: ‘விளையாட்டில்லை. குளோரின் கசிவு. உடனே எல்லோரும் தேரி மேட்டுக்குப் போங்கள்.’ தேரி, கல்லூரிக்குப் பின்னால் உள்ள செம்மணல் குன்று. தராசு தடுக்கவில்லை. குண்டுமணிக்காரன் அல்லவா. சேதி எல்லோருக்கும் போய்ச் சேர்ந்தது.

பதில்கள் மழையாகக் கொட்டின.

“ரசம் பாகம் ரெண்டு.” “லே, இந்தத் தடவை லிங்க்கெல்லாம் செட்டப் பண்ணியிருக்கான்.” “விளையாட்டில்லைன்னு போட்டான் பாரு, அங்க நிக்கான் சேர்மராஜ்.” என் வாழ்நாளில் அவ்வளவு கைதட்டல் வாங்கியதில்லை.

வார்டன் குணசீலனிடம் ஓடினேன். கைக்குட்டையால் மூக்கைத் துடைத்துக்கொண்டே போனைப் பார்த்தார். “குரூப்ல ஒண்ணும் வரலையே தம்பி.”

“நான்தான் சார் போட்டிருக்கேன்.”

“அதைத்தான் சொல்றேன். நீ போட்டது மட்டும்தான் இருக்கு.”

ஜெபகர் வராந்தாவில் ஒவ்வொரு கதவாக அடித்துக் கத்திக்கொண்டே போனான். முதல் கதவைத் திறந்தவன் அவனை வீடியோ எடுத்தான். இரண்டாவது அறையில், “நடிப்புல உசுரு இல்லை மக்கா” என்றான் ஒருத்தன். சொல்லிவிட்டு இருமினான். இருமல் நிற்கவில்லை. நிற்காத அந்த இருமலையும் நடிப்பென்று நினைத்துப் பக்கத்துக் கட்டிலில் சிரித்தார்கள்.

நான் மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டேன். உண்மையைச் சொல்லக்கூடியவருக்கு வாய் இல்லை. வாய் உள்ள என்னிடம் உண்மை இருந்தால் அது நகைச்சுவை. ஜெபகர் திரும்பி வந்து என் சட்டைக் காலரைப் பிடித்துத் தூக்கினான்.

“பொய் சொல்லத் தெரியும்லா ஒனக்கு? சொல்லித் தொலைல.”

எழுதினேன். இந்த முறை என் பேரில் இல்லை. தேர்வுப் பிரிவின் கணக்கு தில்ஷாத்தின் டேப்பில் திறந்திருந்தது. தேர்வு அறிவிப்பு எழுதுவதற்காக அவளிடம் கொடுத்துவைத்த கணக்கு. அதிலும் கசிவு என்று போட்டால் ரசம் பாகம் மூன்று என்பார்கள். அதில் எழுதினேன்: ‘இந்தப் பருவத்திற்கான ஹால் டிக்கெட், தேரி மேட்டு உச்சியில் உள்ள பனைமரத்தடியில் இப்போது நேரில் வழங்கப்படுகிறது. வராதவர்கள் தேர்வு எழுத இயலாது. விடுதிக் காப்பாளர்களும் பணியாளர்களும் சாட்சிக் கையொப்பத்துக்காக உடன் வர வேண்டும்.’

செம்மணல் மேட்டில், பனைமரத்தடியில் ஹால் டிக்கெட். மனித வரலாற்றில் யாரும் சொல்லாத சொல். தராசு அதைத் தலையில் தூக்கிவைத்துக்கொண்டது. முதல் சேதியாகக் குழுவின் உச்சியில் நிறுத்தியது.

கதவுகள் திறந்தன. லுங்கியோடு ஓடினார்கள். தலையில் ஷாம்பு நுரையோடு ஒருத்தன் ஓடினான். பெண்கள் விடுதியிலிருந்து தில்ஷாத் பின்னால் ஒரு படையே ஓடியது. குணசீலன் சார் பேனாவைத் தேடி எடுத்துக்கொண்டு ஓடினார். சாவு வருகிறது என்றபோது சிரித்தவர்கள், பரீட்சை போய்விடும் என்றதும் இருமிக்கொண்டே மேடேறினார்கள். ஏற முடியாதவர்களை இழுத்துக்கொண்டு நாங்கள் கடைசியாகப் போனோம். மேட்டின் உச்சியிலிருந்து திரும்பிப் பார்த்தபோது விடுதியின் கீழ்த்தளம் தெரியவில்லை. மஞ்சள் பச்சையில் அது மூழ்கியிருந்தது.

“ஹால் டிக்கெட் எங்கலே?” என்று கேட்டவன், திரும்பிப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டான்.

ஜெபகர் கடல் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றான். அழைத்தான். மணி போனது. யாரும் எடுக்கவில்லை. அழைத்துக்கொண்டே இருந்தான்.

அவன் அப்பா கடைசி வால்வை மூடப் போனார், மூடினார், வெளியே வரவில்லை. அதனால்தான் அந்தப் புகை எங்கள் மேட்டில் ஏறவில்லை என்று ஆலைக்காரர்கள் வந்து சொன்னார்கள். கல்லூரியில் இருமலோடு ஆஸ்பத்திரிக்குப் போனவர்கள் எல்லோரும் திரும்பி வந்தார்கள். அந்த வாரத்தின் ‘மிகச் சொந்தமான பேச்சு’ என்று பனைமரத்தடி ஹால் டிக்கெட்டுக்குத் தராசு விருது கொடுத்தது. ஞானமுத்துவின் எச்சரிக்கை அதே வாரம் அழிக்கப்பட வேண்டியது. தில்ஷாத் பொத்தானை அமுக்கவில்லை. அவள் அதற்குப் பிறகு எந்தப் பொத்தானையும் அமுக்கவில்லை, அட்மின் வேலையை விட்டுவிட்டாள்.

ஆலைக் குடியிருப்பில் அடக்கம் முடிந்து வந்திருந்தோம். சின்ன வீடு. ஜெபகரின் அத்தை எல்லோருக்கும் கடுங்காப்பி கொடுத்துக்கொண்டிருந்தார். ஆலை ஆட்கள், சபைக்காரர்கள், எங்கள் வகுப்புப் பையன்கள். புதிதாகச் சொல்ல யாரிடமும் ஒன்றும் இல்லை.

அப்போது வீட்டில் இருந்த எல்லா போன்களும் ஒரே நேரத்தில் அடித்தன.

இறப்பு பதிவானதும் தடையை நீக்கிவிடுவார்களாம். இறந்தவர் இனி எதையும் பகிரப்போவதில்லை, ஆகவே சமநிலைக்கு ஆபத்தில்லை என்று விதியில் இருக்கிறது. அட்மின்கள் அழித்ததாக நினைத்ததும் சேர்த்து, ஆலை, சபை, குடும்பம், கல்லூரி என்று எல்லாக் குழுக்களிலும் நிறுத்திவைத்ததெல்லாம் வந்தது. வசனப் படங்கள், ரோஜாப்பூக்கள், வெந்தயம், வெண்டைக்காய்த் தண்ணீர், காலை வணக்கம், காலை வணக்கம், காலை வணக்கம். எங்கள் பைகளிலும் மடிகளிலும் அவர் கிணுகிணுத்துக்கொண்டே இருந்தார். கடைசியில் லிங்க். லிங்க். மேட்டுக்குப் போங்க. அத்தை தன் போனைத் தரையில் வைத்துவிட்டு, அதைவிட்டு நகர்ந்து சுவரோரம் போய் உட்கார்ந்தார்.

ஜெபகரின் போன்தான் கடைசியாக ஓய்ந்தது. அவன் விரலால் தள்ளித் தள்ளிப் போனான். நான் பார்க்க வேண்டாம் என்றுதான் நினைத்தேன். பார்த்துவிட்டேன். சாப்ட்டியாய்யா. சாப்ட்டியாய்யா. செமஸ்டர் முழுவதும் அதுதான். ஒரு நாளும் விடுபடவில்லை. மகன் வேறு ஏதாவது சொல்லச் சொன்னதற்குப் பிறகும் அவரிடம் வேறு ஒன்றும் இல்லை.

எல்லாவற்றுக்கும் கீழே, அந்தப் புதன்கிழமை, சத்தமில்லாத அழைப்பு அறுந்த பிறகு அவர் போட்டது:

‘கேட்டுச்சுய்யா. போயிரு. சாப்ட்டியா’

ஜெபகர் அதைப் படித்தான். பிறகு தட்டச்சு செய்தான். ஒவ்வொரு எழுத்தாக. ‘சாப்ட்டேன்ப்பா’. அனுப்பினான். அதையே எடுத்து, அப்பாவின் பேரோடு, குழுவிலும் போட்டான். எல்லோரும் பார்க்கட்டும் என்று நினைத்தானோ என்னவோ.

“போட்டிருக்கேன்” என்றான் என்னிடம். “வந்துச்சால?”

என் போன் என் கையில்தான் இருந்தது. திரையில் ஒன்றும் வரவில்லை. சுற்றிப் பார்த்தேன். வீட்டில் ஒரு போனும் அசையவில்லை. இரங்கல் சொன்ன அத்தனை பேருக்கும் புதன்கிழமையிலிருந்து மூன்று நாளும் அவன் ‘நன்றி’ என்று ஒரே சொல்லைத்தான் திரும்பத் திரும்பப் போட்டுக்கொண்டிருந்தான்.

அவன் தன் திரையை எனக்குக் காட்டினான். போய்ச் சேர்ந்ததாகத்தான் காட்டியது.

“வந்துடுச்சுல” என்றேன்.